மஞ்சள் பாட்டில்

உப்புத் தண்ணீர்தான் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் நாக்கு ஏன் இனிக்கிறது?

நாரின் தலையைத் தூக்கி, உத்தரத்தில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தான். சலைன். சரியாகத்தான் எழுதியிருந்தது. டெங்கு வந்து மூன்று நாளாகப் படுக்கை. ஏரிக்கரைக் கிராமங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய் பாட்டில் ஏற்றுகிறவனுக்கு இன்று பெண்டாட்டி சொபால் ஏற்றியிருந்தாள்.

"ஏய், நாக்கு இனிக்குதுடி."

"ஊரையே குத்துன ஆளு, ஒரு ஊசிக்கு என்னா சீன் போடுறே! படு. ஐஸ் வாங்கிட்டு வர்றேன்."

ஏணி கிறீச்சிட்டது. அவள் போய்விட்டாள். தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று நெளிய, மூங்கில் தரைக்குக் கீழேயிருந்து உப்பில் ஊறப்போட்ட மீன் நாற்றம் எப்போதும்போல் ஏறிவர, அதற்குள் இன்னொரு வாசம் மெல்ல நுழைந்தது. அழுகப்போகும் அன்னாசி வாசம்.

எதிர்வீட்டு யிம் அக்காவின் மூச்சில் அடித்த வாசம்.

"தம்பி, எனக்குச் சக்கரை வியாதிடா. இது சக்கரைத் தண்ணி இல்லியே?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். அன்று அவன் பெட்டியில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சக்கரைத் தண்ணீர் தவிர வேறு இல்லை. வேறு மருந்து இல்லை என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள். வைட்டமின் கலந்து மஞ்சளாக்கினான். மஞ்சளாக இருந்தால்தான் இங்கே மருந்து என்று நம்புவார்கள்.

"சத்து மருந்துக்கா. பேசாம படுங்க."

தாகம் என்றாள். இன்னொன்று ஏற்றினான். தாகம், தாகம் என்றாள். இன்னொன்று. ஏழாவது பாட்டில் பாதியில் மூச்சிரைத்துச் செத்துப்போனாள். நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு, சாவு வீட்டில் கஞ்சியும் குடித்துவிட்டு வந்தான்.

கீழே மழைத்தண்ணீர் ஜாடியருகே சத்தம்.

மடக். மடக். மடக்.

மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்தான். நரைத்த ஈரத் தலை ஒன்று ஜாடிக்குள் குனிந்திருந்தது. மூச்சு விடாமல் குடித்தது. நிறுத்தாமல் குடித்தது.

அவன் தொண்டை வறண்டது.

மேலே பார்த்தான். பாட்டில் மஞ்சளாகியிருந்தது. குழாயின் உருளையை இறுக்கி மூடினான். சொட்டு நிற்கவில்லை. வேகமாக விழுந்தது. தாரையாக விழுந்தது.

"யாரு?"

குடிப்பது நின்றது.

ஏணியில் ஒரு படி. இன்னொரு படி.

ஊசியைப் பிடுங்கப் போனான். கை எழவில்லை. மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள். அழுத்தமில்லாமல், நரம்பு தேடுகிறவர்கள் பிடிப்பதுபோல.

சொபால் ஐஸ் பையோடு உள்ளே வந்தாள். "என்னா இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

பிடுங்குடி என்று கத்த நினைத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"தாகம்..."

"அதுக்குள்ள காலியாயிடுச்சா? பொறு, மாத்துறேன்."

பெட்டி இருக்கும் பக்கம், திரும்பிப் பார்க்காமலே, சொபால் கையைப் பின்னால் நீட்டினாள். கொசுவலைக்குப் பின்னாலிருந்து, ஊசி குத்திக் குத்திக் கறுத்த ஒரு கை நீண்டு, அவள் உள்ளங்கையில் மஞ்சள் பாட்டிலை வைத்தது.