பதில் வந்தது: பச்சை டிக்

மாமனார் இறந்து பத்தொன்பது நாள் கழித்து, மாலை சரியாக ஆறு மணிக்கு ஆர்க்கிடெக்டின் கைபேசிக்கு அந்த மெயில் வந்தது. பச்சை டிக். 'பதில் வந்தது. வேலை முடிந்தது.'

அவர் கட்டடம் கட்டும் ஆர்க்கிடெக்ட் அல்ல. மென்பொருள் கம்பெனிகளில் ஒரு வயதுக்கு மேல் என்ன வேலை கொடுப்பதென்று தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் பட்டம் அது. மேடை கிடைத்தால் 'சர்வர்லெஸ்' பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். நமக்கென்று ஒரு மிஷினும் வேண்டாம். நேரத்தைக் குறித்து வைத்தால் போதும். எங்கோ, எவனுடைய மிஷினிலோ, நம் நிரல் அந்த நேரத்துக்குக் கண்விழித்து, சொன்னதைச் செய்துவிட்டு, தடம் தெரியாமல் மறைந்துவிடும். இதைக் கதைகளில் பூதம் என்பார்கள். அவர் படம் போட்டுக் காட்டியதால் கைதட்டினார்கள்.

வீட்டிலும் ஒன்று குறித்து வைத்திருந்தார். பின்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை, ஆறு மணிக்குப் போய் மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருந்தாள் மனைவி. அவள் வேலை முடிந்து வர ஏழாகிவிடும். ஹாலிலிருந்து பின்னறைக்குப் பதினோரு அடி தூரம். அந்தப் பதினோரு அடியை மிச்சம் பிடிக்க ஆர்க்கிடெக்ட் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். தலைமாட்டு ஸ்பீக்கர் தினமும் ஆறு மணிக்கு அவர் குரலிலேயே கேட்டது: "மாமா, மாத்திரை போட்டாச்சா?" பதில் வந்தால் "சரி மாமா" என்று அதுவே சொல்லி, அந்தப் பதிலை எழுத்தாக்கி, பச்சை டிக்கோடு அவருக்கு மெயிலும் அனுப்பிவிடும்.

பதில் வந்ததா என்றுதான் அது பார்த்தது. என்ன பதில் என்று பார்க்கவில்லை. அதை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகக் குறித்து வைத்திருந்தார்.

கடைசி நாள் வந்த பதிலை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். 'மாப்ள, நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் வாங்களேன்.' பக்கத்தில் பச்சை டிக். அப்போது அவர் ஹாலில்தான் இருந்தார். மனைவியிடம், தான் போய்க் கேட்டதற்கு மாமா "நல்லாத்தான் இருக்கேன்" என்றார், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு பொய்யின் மேல்தான் இப்போது குடித்தனம் நின்றுகொண்டிருந்தது.

புது மெயிலைத் திறந்தார். 'கொஞ்சம் வாங்களேன்.'

குறித்து வைத்த நேரத்தை அழித்தார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி வந்தது. மிஷினை வாடகைக்கு விடும் கம்பெனியின் உதவி மையத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, அவர் கணக்கில் அப்படி ஒரு வேலையே இல்லை என்றாள். அப்படியானால் நிறுத்துங்கள் என்றார்.

"ஓடாததை எப்படி சார் நிறுத்தறது?"

பிடுங்குவதற்கு ஒரு மிஷின் கிடையாது. மேடையில் இதே வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும்.

மூன்றாம் நாள் மனைவி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். அவள் காதில் விழுவதற்குள் ஸ்பீக்கரை எடுத்துவிட வேண்டும். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்தப் பதினோரு அடியை அந்த வேளையில் முதல்முறையாக நடந்து, பின்னறைக் கதவைத் தள்ளி உள்ளே போனார். அடைத்துக் கிடந்த அறையில் தைல வாசனை இன்னும் ஈரமாக இருந்தது. திரைச்சீலை வழியாக வந்த அழுக்கு மஞ்சள் வெளிச்சம் மெத்தையில் விழுந்து, அதில் ஒரு முதுகின் அளவுக்கு இருந்த பள்ளத்தில் நிழலாகத் தேங்கியிருந்தது. சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வருவதுபோல் கேட்டது. பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கரின் சின்ன விளக்கு அணைந்தது. பெட்டியைத் தூக்கி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டார். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்று இல்லை.

ஆறு மணி.

"மாமா, மாத்திரை போட்டாச்சா?"

அவர் குரல். கையில் இருந்த பெட்டியிலிருந்து. பிளக் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பதில் சொல்லக் கூடாது. ஆனால் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்தது. இன்னும் அழுத்தியது. கால் மடங்கி மெத்தையில் சரிந்தார். பள்ளம் அளவாக இருந்தது.

"கொஞ்சம்... வா..." என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"சரி மாமா," என்றது பெட்டி.

பாத்திரச் சத்தம் நின்றது. ஹாலில் காலடி. மனைவி.

"என்னங்க? யார்கிட்ட பேசறீங்க?"

வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. பதினோரு அடி. ஒரு கதவு.

"ஒண்ணுமில்லம்மா," என்றது அவர் குரல், அவர் கையிலிருந்து. "நல்லாத்தான் இருக்கேன்."

காலடிகள் திரும்பிப் போயின. குழாயைத் திறந்தாள்.

சட்டைப் பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. துணி வழியாகப் பச்சை வெளிச்சம்.