இடுப்புக் கயிறு

“கடல்ல முங்குறது நானா நீயா, புள்ள?” என்று அண்ணன் கபீர் ஒருநாள் கேட்டான். கிணற்றடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்ததற்கே வாசற்படியில் உட்கார்ந்து, கரையில் போட்ட மீனைப்போல உம்மு ஹபீபா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “நான் தண்ணிக்குள்ள மூச்சடக்குறேன். நீ தரையிலயே அடக்குறே. ஒருநா உன்னையும் கூட்டிட்டுப் போறேன், பாரு. எனக்கு முன்னாடி நீ சங்கு அள்ளிருவே.”

சிரிக்க அவளுக்கு மூச்சு இல்லை. ஓலை விசிறியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தக் கபீர் மாசியில் சங்கு குளிக்கப் போய்த் திரும்பவில்லை. குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி தோணியில் வாப்பாவின் கையில் இருக்கும். கீழேயிருந்து இரண்டு முறை வெட்டி இழுத்தால் தூக்கவேண்டும். அன்றும் இரண்டு முறை வந்தது. வாப்பா தூக்கினார். கயிறு மட்டும் வந்தது. முடிச்சு அவிழவில்லை, வளையத்துக்குள் ஆள் இல்லை.

வாப்பா அதை நடுவீட்டு ஆணியில் மாட்டினார். பிறகு தொடவே இல்லை.

ஹபீபாவுக்குப் பதினொரு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. இதயம் தாளம் தப்பத் தொடங்கியது. சில துடிப்பு ஒழுங்காக, பிறகு ஒரு வெறுமை, அதன் பின்னால் திடுக்கென்று ஓர் அடி. ராமநாதபுரத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துச் சொன்னார்: “குடம் தூக்காதம்மா. எதையும் பிடிச்சு இழுக்காதே. மூச்சு வாங்குனா அங்கனயே உக்காந்துரு. மீறுனா ஒருநாள் அது நின்னே போயிரும்.” அவள் மீறியதில்லை. வீட்டுக்குள்ளேயே தூணுக்குத் தூண் நின்று நடந்தாள்.

கபீருக்கு ஓதிய நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த வாரம், சும்மா சுவரில் சாய்ந்திருந்தபோது அந்த வெறுமை வந்தது. பின்னால் அடி வரவில்லை. நெஞ்சுக்குள் எதையோ கட்டி யாரோ வெட்டி இழுத்தார்கள். இரண்டு முறை.

ஆணிக்குக் கீழே தரையில் சொட்டு விழுந்தது.

“உம்மா, கபீர் காக்கா கயித்துல தண்ணி சொட்டுது.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மா குல்சும் நிமிர்ந்தாள். “வெயில்ல காஞ்ச கயிறுடி அது. மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

உம்மா அருகில் போய்ப் பார்த்தாள். தொடவில்லை. “வாப்பாட்ட சொல்லிறாதே,” என்றாள். “அந்த மனுசனுக்கு இன்னும் சோறு தொண்டையில எறங்கல.”

மறுநாள் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். உம்மா எண்ணெய் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போனாள். கொல்லையில் குவித்திருந்த சங்குகளின் அழுகல் நாற்றமும், பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், அவற்றுக்கு அப்பால் ஓயாமல் மூச்சு வாங்கும் கடலும் திறந்திருந்த கொல்லைக் கதவு வழியே உள்ளே வந்துகொண்டிருக்க, எண்ணெய் குறைந்த அரிக்கேன் விளக்கு சுவரில் கயிற்றின் நிழலை மெதுவாக ஆட்டியது. ஆணியில் கயிறு ஆடவில்லை. நிழல் மட்டும் ஆடியது.

பிறகு சுருள் தரையில் விழுந்தது. வளையம் இருந்த நுனி கொல்லைக் கதவைத் தாண்டி இருட்டுக்குள் ஊர்ந்து போய், விறைத்து நின்றது.

இரண்டு இழுப்பு. கயிற்றிலும், நெஞ்சிலும்.

டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் கீழே இருக்கிறவன் கேட்டுவிட்டான். யாராவது தூக்கவேண்டும்.

அவள் இழுத்தாள். ஒரு கை நீளம். கண் இருண்டது. உட்காரவில்லை. இன்னொரு கை நீளம். நார் உள்ளங்கையை அறுத்தது. மூச்சு வரவில்லை. கனத்தது. இழுத்தாள். ஈர மணலில் ஏதோ இழுபட்டு வரும் சத்தம். இன்னும் கொஞ்சம். இன்னும்.

கொல்லை வாசலில் கபீர்.

இடுப்பில் வளையம். தலைமுடியில் மணல். தண்ணீருக்குள் திறந்திருப்பது போன்ற கண்கள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

“வாப்பா தூக்குனாரு காக்கா,” என்றாள் அவள். “வாப்பா கைய விடல. சத்தியமா விடல.”

அவன் கேட்டதாகத் தெரியவில்லை. வளையத்தை இடுப்பிலிருந்து கழற்றி, அவள் தலை வழியாக இறக்கி, அவள் இடுப்புக்கு ஏற்ப இறுக்கினான். விரல்கள் சில்லென்றிருந்தன. சின்ன வயதில் அவளுக்குப் பாவாடை நாடா கட்டிவிட்ட அதே பொறுமை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். இவ்வளவு இழுத்தும் மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் எதுவும் தப்பவில்லை. காதை உள்ளே திருப்பிக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தெருவில் வாப்பாவின் இருமல். “ஹபீபா, கதவத் தெறம்மா.”

அவள் வாய் திறந்தாள். உப்புத் தண்ணீர் மோவாயில் வழிந்தது.

கபீர் அவள் கையிலிருந்த மறுநுனியை வாங்கிக்கொண்டான். கொல்லைக் கதவைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்தான். தரையில் கிடந்த சுருள் வட்டம் வட்டமாகக் குறைந்துகொண்டிருந்தது.