வண்டியா, திரையா?

அந்தக் கறுப்பு வண்டியை அவள் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தாள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் உட்கார்ந்து, பழைய போட்டி நிகழ்ச்சிகளின் டேப்புகளை ஓடவிட்டு, அவற்றில் பரிசாக வந்து நிற்கும் கார்களைப் பட்டியல் போடுவதுதான் அவளுடைய வேலை. என்ன மாடல், என்ன நிறம், எங்கே கீறல் என்று பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் சக்கரம்தான் தெரியும். ஆனால் பரிசாகக் கொடுத்த கார் ஜெயித்தவர் வீட்டுக்குப் போய்விடும். அது திரும்பி வராது. இதுவோ மூன்றாவது முறையாக, வேறொரு நிகழ்ச்சியில், வேறொரு காலத்தில், இடது விளக்கின் வளையத்தில் அதே நெளிசலோடு மேடையில் வந்து நின்றது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே சாயங்கால மழை பெய்கிறது என்பதே சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. நாள்பட்ட டேப்புகளின் புளித்த வாடையும், சூடேறிய இயந்திரத்தின் ரப்பர் நாற்றமும், எத்தனை முறை துடைத்தாலும் விரலில் ஒட்டிக்கொள்ளும் பழுப்புத் தூசியும் அவளுக்குப் பழகிப்போயிருந்தன. இந்நேரம் வீட்டுக்காரர் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்திருப்பார். மகளுக்கு வீட்டில் 'வாலு' என்றுதான் பெயர். நல்ல பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஊர் உலகத்துக் காரையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகச் சொல்கிற பெண்டாட்டிக்குச் சொந்தமாக இருப்பது ஓட்டை ஸ்கூட்டர்தான் என்று அவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மூன்று பேரும் நனையாமல் போக ஒரு கார் வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை.

அவள் காட்சியை நிறுத்தி, திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பின் இருக்கையில் நிழலாகச் சில உருவங்கள் இருந்தன. முதல் டேப்பில் வண்டி மேடைக்கு வந்தபோது அந்த இருக்கை காலியாக இருந்தது. இரண்டாவதில் உருவங்கள் இருந்தன. என்னவென்று அப்போதே கிடங்குக்காரரிடம் கேட்டதற்கு, வண்டி வெறுமையாகத் தெரியக்கூடாது என்று அந்தக் காலத்தில் துணிக்கடைப் பொம்மைகளைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள் என்றார். அவளும் உற்றுப் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் பிரியாமல் ஒட்டியிருந்தன. பொம்மைதான். அப்படியே எழுதிக்கொண்டாள்.

இப்போது அந்த இருக்கையில் கூட்டம் கூடியிருந்தது.

இதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொண்டால் வேலை நடக்காது என்று டேப்பை ஓடவிட்டு, குனிந்து எழுதத் தொடங்கினாள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும். நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவதால், வாய் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடும். தூக்கத்தில்கூட அவள் பதில் சொல்வதாக வாலு கேலி செய்வாள்.

"வண்டியா, திரையா?" என்று, மேடையில் நிற்கும் வண்டி வேண்டுமா, மூடிய திரைக்குப் பின்னால் இருப்பது வேண்டுமா என்கிற வழக்கமான கேள்வியைத் தொகுப்பாளர் கேட்டார்.

"வண்டி" என்றாள் அவள், எழுதிக்கொண்டே.

"நல்ல பதில். வண்டி உங்களுக்குத்தான்."

கைதட்டல் எழுந்தது. அவள் நிமிர்ந்தாள். போட்டியாளர் நிற்க வேண்டிய இடத்தில் மைக் மட்டும் நின்றது. வேறு யாரும் இல்லை. தொகுப்பாளர் மேடையைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். டேப் நின்றது. உருளைகள் நின்றன. கைதட்டல் நிற்கவில்லை.

"எங்க வழக்கம் தெரியும்ல?" என்றார் தொகுப்பாளர். "முதல்ல குடும்பம். கடைசியா ஜெயிச்சவங்க."

தெரியும். முன்னால் பார்த்த இரண்டு டேப்பிலும் அப்படித்தான். சுழல்மேடை திரும்பும். அந்தப் பக்கத்தில், வண்டிக்குள், ஜெயித்தவரின் வீட்டார் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தவர் ஓடிப்போய் ஏறிக்கொள்ள, வண்டி அரங்கின் பின்வாசல் வழியாக வெளியே போகும். முதல் டேப்பில் கட்டம்போட்ட கோட்டுக்காரர் ஒருவர் குதித்த குதியில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்திருந்தாள்.

பின் கண்ணாடிக்குள் அந்தக் கோட்டு தெரிந்தது.

அதே கட்டம். மூக்குக்கண்ணாடி இல்லாத முகம். மழமழவென்று, பூச்சு பூசிய முகம்.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"என்னடி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாசல்ல ஒரு வண்டி வந்து நிக்குது. நீ ஜெயிச்சதாம்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன வண்டி?"

"கறுப்பு. பழசுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கு. லைட்டுல மட்டும் லேசா நெளிஞ்சிருக்கு. தட்டி எடுத்துடலாம்."

"ஏறாதீங்க."

"வாலு அப்பவே ஏறிட்டா. நான் ஸ்டியரிங் பிடிச்சுப் பாக்கறேன்." ஹாரனை ஒருமுறை அடித்தார். "பின்னாடி யாரோ நிறையப் பேர் உக்காந்திருக்காங்கடி. கேட்டா பேச மாட்டேங்கறாங்க."

"அவளை இறக்குங்க. நீங்களும் இறங்குங்க. இப்பவே."

கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கைப்பேசியில் கேட்டது. அதே சத்தம் டிவியிலும் கேட்டது.

அவள் வாலுவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கைப்பேசியில் கைதட்டல் மட்டும் கேட்டது. அறையின் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் திருகினாள். கதவு அசையவில்லை. கதவின் அந்தப் பக்கத்திலும் கைதட்டினார்கள்.

சுழல்மேடை திரும்பத் தொடங்கியது.

மெதுவாக. மிக மெதுவாக. நெளிந்த விளக்கு. முன்கண்ணாடி. ஸ்டியரிங்.

ஸ்டியரிங்கின் முன்னால் வீட்டுக்காரர். கைப்பேசி இன்னும் காதோடு. கண் இமைக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி.

பின் ஜன்னலோரம் வாலு. பள்ளிச் சீருடை. ஒரு கால் சாக்ஸ் எப்போதும்போலக் கழன்று கிடந்தது. அவள் தோளில் கட்டம்போட்ட கோட்டின் கை.

"அம்மாவுக்குத்தான் காத்திட்டிருக்கோம்" என்றார் தொகுப்பாளர், சாவியை நீட்டி.

அவள் முதுகுக்குப் பின்னால் அறைக் கதவு தானாகத் திறந்தது. தாழ்வாரத்தின் வாடை வரவில்லை. மழையில் நனைந்த பழைய தோல் இருக்கையின் வாடை வந்தது. இஞ்சினின் முனகல் கேட்டது. ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஆனால் உள்ளே வாலு இருந்தாள்.

அவள் திரும்பினாள்.

கார்க் கதவு திறந்திருந்தது. பின் இருக்கையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக, சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். வாலுவும் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் விழுந்த காலி இடத்தை, 'இங்க வாம்மா' என்பதுபோல, கையால் தட்டிக் காட்டினாள்.

டொக். டொக்.

அந்தக் கையில் விரல்கள் ஐந்தும் பிரியாமல் ஒட்டியிருந்தன.