அயலளவு

2064 ஆகஸ்ட் 12. அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்ததால், ‘மூலிகை ஏதும் உட்கொண்டீர்களா?’ என்று அவருடைய மருந்துப்பட்டை கேட்டதற்கு நானே ‘இல்லை’ என்று அழுத்திவிட்டேன். பதில் சரிதான். ஆனாலும் அவரைக் கேட்காமல் அழுத்தியது தவறு.

நாட்குறிப்பில் எழுதிய பிறகும் ஜெசிந்தாவுக்கு மனம் ஆறவில்லை. பகலில் கூரியர் அலுவலகம், மாலையில் மருந்தாளுநர் வகுப்பு என்று ஓடுகிறவள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதித் தெரு போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவள்.

“அப்பா, வேற எதுவும் சாப்பிடலையே? பொடி, லேகியம், சூப்பு?”

“உனக்கு அந்தப் பட்டையே தேவலை தாயி. அது ஒரு தடவைதான் கேக்குது” என்று சிரித்தார் சவரிமுத்து. அவர் பல்லிடுக்கெல்லாம் சிவப்பாக இருந்தது.

போன மாதம்தான் அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மணிக்கட்டில் பட்டை. மருந்தைத் தோல் வழியே அதுவே செலுத்தும், ரத்தத்தை அதுவே சோதிக்கும். ஆனால் புது ஆளின் உடம்பைப் படித்து முடிக்க அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ‘அயலளவு’ கொடுக்கும். அதாவது, அந்தப் பகுதியில் ஏற்கெனவே பட்டை கட்டியிருப்பவர்களுக்குத் தேவைப்படும் மருந்தின் சராசரி. ஒரே தண்ணீர், ஒரே அரிசி, ஏறக்குறைய ஒரே உடம்பு என்பது அதன் கணக்கு. அந்த வாரங்களில் அது கட்டியவரின் ரத்தத்தைவிட அக்கம்பக்கத்தாரின் ரத்தத்தையே நம்பும்.

மதியம் சவரிமுத்துவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. துண்டு நனைந்தும் நிற்கவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

“பட்டையைக் கழட்டியாச்சு. ஊசியும் போட்டிருக்கு” என்றார் டாக்டர் மீனலோசனி. “வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா மருந்து ஏறியிருக்கு. என்ன மூலிகை குடுத்தீங்க?”

“ஒண்ணுமே குடுக்கல டாக்டர்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.”

தான் அழுத்தியதுதான் தப்பாகிவிட்டதோ என்று ஜெசிந்தா பட்டையை எடுத்துப் பார்த்தாள். ‘இல்லை’தான் பதிவாகியிருந்தது. அப்பாவோ உண்மையிலேயே ஒன்றும் சாப்பிடாதவர். அப்படியென்றால் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

மறுநாள் விடிந்ததும் திண்டுக்கல் மைதானத்துக்குப் போனாள். நடைப்பயிற்சி முடித்தவர்கள் காதர் பாயின் சூப் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் கையில் பட்டை.

“பதில் சொல்லியாச்சா?” என்று கரண்டியைத் தூக்கிக் கேட்டார் காதர் பாய்.

பட்டைகள் ஒவ்வொன்றாகக் கேட்டன: ‘இன்று மூலிகை ஏதும் உட்கொண்டீர்களா?’ எல்லோரும் ‘இல்லை’யை அழுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கோப்பைகள் நீண்டன.

“குடிச்சுட்டு இல்லைன்னா பொய். நாங்க சொல்லிட்டுல்ல குடிக்கிறோம்!” என்றார் ஒரு அம்மா.

“ஆமாம்னு சொன்னா மருந்தை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுது. அங்க யாரு போய்க் காத்துக் கிடக்கிறது?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“பாய், என்ன சூப்பு இது?”

“சிலம்பிலைம்மா. ரெண்டு வருசமா மூட்டுவலிக்கு இதுதான் ஊரெல்லாம் ஓடுது.”

ஜெசிந்தாவுக்கு வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று கைப்பேசியில் பாடத்தைத் தேடிப் படித்தாள். சிலம்பிலை கல்லீரலை முடுக்கிவிடும். கல்லீரல் மருந்தைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்றும். காரணம் தெரியாத பட்டை, மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

“எங்கப்பா உங்க சூப்பை ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல” என்றாள். “ஆனா உங்க சூப்புக்குச் சேர்த்து ஏறின மருந்து அவர் உடம்புல போயிருக்கு. நேத்து ரத்தம் நிக்கல.”

காதர் பாய் அண்டாவைச் சாக்கடையோரம் கவிழ்த்தார். “அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா. இன்னியோட சரி.” மற்ற வண்டிக்காரர்களுக்கும் அவரே ஃபோன் போட்டார். குடித்தவர்கள் தங்கள் குழுக்களில் செய்தி அனுப்பினார்கள். மாலைக்குள் ஊரில் சிலம்பிலை அடுப்பு ஒன்றுகூட எரியவில்லை.

ஜெசிந்தா வகுப்புக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வந்தாள். தான் செய்த ஒன்று முழுதாகச் சரியாக வந்திருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

“எல்லாருமா நிறுத்திட்டாங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒருத்தர் விடாம.”

மீனலோசனி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “கொஞ்ச நாள்ல கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துடும். பட்டை அதே பெரிய அளவைக் குடுத்துக்கிட்டிருக்கும்.”

“ரத்தத்தைப் பார்த்துக் குறைச்சுடாதா?”

“ஒருத்தருக்கு மாறினா குறைக்கும். ஊருக்கே ஒண்ணா மாறினா, தன்னோட சோதனையிலதான் பிழைன்னு எடுத்துக்கும். அயலாரைப் பார்த்துத்தானே அது சரி தப்பு முடிவு பண்ணுது.”

“அப்ப ‘ஆமாம்’னு அழுத்தச் சொல்லிடவா?”

“அழுத்தினா மருந்தே நின்னுடும். வால்வு வெச்சவங்களுக்கு ரத்தம் கட்டிக்கும்.” டாக்டர் குறிப்பேட்டை எடுத்தார். “கம்பெனிக்கு எழுதுறேன். பட்டையைத் திருத்த அவங்களுக்கு மாசக்கணக்காகும். அதுவரை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, ரத்தம் பார்த்து, சூப்பையும் மருந்தையும் சேர்த்தே படிப்படியா குறைக்கணும். முறை வர்ற வரைக்கும் அவங்க குடிச்சுத்தான் ஆகணும். பட்டைகிட்ட இல்லைன்னும் சொல்லித்தான் ஆகணும்.”

படுக்கையிலிருந்து சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். மூக்கில் பஞ்சு. “காலையில விஷம்னு சொன்ன, இப்ப மருந்துங்கிற. உன்னைக் கிட்ட சேர்ப்பாங்களா தாயி?”

“சேர்க்கலன்னா, மறுபடியும் போய்ச் சொல்லணும்ப்பா.”

கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள்:

ஆகஸ்ட் 13. தீர விசாரிக்காமல் எல்லோரையும் நிறுத்தவைத்துவிட்டேன். நாளை வேலை: விடிவதற்குள் காதர் பாய் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வது. பிறகு மைதான வாசலில் நின்று, பட்டை கட்டி, சூப்புக்குப் பழகிய ஒவ்வொருவரையும் சூப் குடிக்க வைப்பது.