நின்ற மோட்டாரில் ஒரு மேடு

மோட்டார் நின்றுவிட்டது. மீட்டர் திரையில் கோடு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

மோட்டாரைக் கழற்றாமலே, அதற்குப் போகும் கேபிளைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வி, கரண்டின் நெளிவைப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்வது அவன் பிழைப்பு. டாக்டருக்குக் கைராசி என்றால் இவனுக்குக் கேபிள்ராசி. பெயின்ட் கலக்கும் தொட்டியின் மோட்டாரில் காலையில் கோட்டில் சுற்றுக்கு ஒரு மேடு தெரிந்தது. பிளேடில் ஏதோ சிக்கி இழுக்கிறது என்று அர்த்தம். சிக்கியது கரையக் கரைய மேடும் சிறுக்கும். இது சிறுக்கவில்லை. நிறுத்தித் தொட்டியை வடித்தார்கள். உள்ளே இறங்கப்போவது ஃபிட்டர், அவன் அக்கா புருஷன்.

இறங்குகிறவர் கரண்டை நிறுத்தும் பிரேக்கரில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டுபோவார். அவரே ஏறிவந்து திறக்கும்வரை மோட்டார் ஓடாது. மாமாவின் சாவி சிவப்புக் கயிற்றில், கழுத்தில்.

"தொலைச்சிடுவேன்னு உங்கக்கா மாட்டி விட்டுட்டா மாப்ள. குரைக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

"மாமா, ஆஃப் பண்ணியும் கோடு துள்ளுது."

"நீ தொட்டாலே மீட்டருக்குக் கூச்சம் மாப்ள. தலையில ரெண்டு தட்டு." தொட்டிக்குள் மறைந்தார்.

தட்டினான். கிளாம்பைக் கழற்றினால் கோடு சமர்த்தாகப் படுத்தது. மறுபடி கவ்வினால் எழுந்தது. விசிறிகள் அடங்கிப்போன அந்த நீளமான கொட்டகையில், தின்னர் நெடி தொண்டையில் ஒட்ட, எங்கோ ஒரு குழாய் சொட்டுவதையும் தொட்டிக்குள் மாமாவின் துணி இரும்பைத் தேய்ப்பதையும் கேட்டபடி, மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அசைவில்லை. திரையில் மட்டும் அது எதையோ சுமந்து சுற்றிக்கொண்டிருந்தது.

மேடு வளர்ந்தது. காலையில் இருந்ததைவிட இரட்டிப்பு உயரம். கட்டி தட்டிய பெயின்ட் இப்படி இழுக்காது. இது கனமானது. மெத்தென்றது. ஆள் அளவு.

தேய்க்கும் சத்தம் நின்றது.

"மாமா?"

மேடு. மேடு.

தொட்டி விளிம்பில் ஒரு கை. பிறகு தலை. மாமா நிதானமாக ஏறி வந்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. சுத்தமா இருக்கு."

அவனுக்கு மூச்சு வந்தது. பாதியில் நின்றது. தம்பியா? அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவன் மாப்ளதான், கோபத்தில்கூட மாப்ளதான்.

"பூட்டத் திறங்க மாமா. கிளம்பலாம்."

"எந்தப் பூட்டு?"

கழுத்தில் கயிறு இல்லை.

ஃபோன் அடித்தது. அக்கா.

"என்னடா, வேலை முடிஞ்சுதா? அந்த மனுஷன் வழியில எங்கயாவது நின்னு கதையடிப்பாரு. நீயே கையோட வீட்ல கொண்டாந்து விடு, என்ன?"

தொட்டிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம். டிங். இரும்பில் சாவி உரசும் சத்தம். திரையில் மேடு. டிங். மேடு. டிங்.

மாமா ஃபோனருகே குனிந்தார். சிரித்த முகம்.

"இதோ வந்துட்டே இருக்கேன்னு சொல்லு தம்பி."

பிரேக்கரில் பூட்டு அப்படியே தொங்கியது.

திரையில் மேடு சிறுக்கத் தொடங்கியது.