தீவுக்குப் போகவிடாத குரல்

இன்சூரன்ஸ்காரர் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் படியேறி வந்தார். அவர் காலர் தேய்க்கும் நேரத்தில் பூகம்பமே வந்தாலும் வாசலில் நின்று காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாள் பூகம்பத்துக்கும் ஒரு படி மேல். கைப்பையை மேசையில் போட்ட வேகத்தில் தண்ணீர்க் குவளை எழுந்து நின்று உட்கார்ந்தது.

"இன்சூரன்ஸ்காரர்னா நீங்கதானே?"

"ஆமாம்மா. உக்காருங்க. இந்தக் கை மட்டும் பாக்கி."

அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆயுள் முழுக்கப் பொய்களைப் பிடித்தவர். எரியாத கடை, திருடு போகாத நகை, சாகாத ஆள் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்தார். கீழே கடை வைத்திருந்தவனுக்கும் ஜெராக்ஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாடிப்படியில் காலடி கேட்டால் போதும், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். வாடிக்கையாளர்கள் தாங்களே பிரதி எடுத்துக்கொண்டு போகப் பழகி, அதில் இரண்டு பேர் தொழில் கற்றுக்கொண்டு சொந்தக் கடையே வைத்துவிட்டார்கள்.

இப்போதும் சாவிக்கொத்து குலுங்க வந்து நின்றான். இடுப்பில் ஒரு கோட்டைக்குப் போதுமான சாவிகள். கடைக்கு இருப்பதோ ஒரே பூட்டு.

"என் வீட்டுக்குள்ளயே எதிரி இருக்கு சார்," என்றார் அந்த அம்மாள். "யாருன்னு எனக்கே தெரியும். நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் எதுக்கும்மா?"

"நான் சொன்னா என் வீட்டுக்காரர் நம்பமாட்டாரே! அவ அவரோட தங்கச்சியாச்சே!"

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். அவர் மைதானத்தில் 'லெப்ட், ரைட்' என்றால் பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்குகிறவர்கள்கூடக் கால் மாற்றி வைப்பார்கள். ஆனால் விஷயத்துக்கு வந்ததும் அந்தக் குரல் இறங்கிவிட்டது.

"என் வீட்டுக்காரர் படகுத்துறைக்கு பஸ் ஓட்டினவர் சார். ஊரையே கொண்டுபோய்ப் படகுல ஏத்தி அனுப்பினாரு. அவரு மட்டும் ஏறினதே இல்ல. ஆளுங்களை இறக்கிட்டு வண்டியைத் திருப்பணுமே. துறையிலருந்து பாத்தா தீவு கடல் மேல எறும்பு உக்காந்த மாதிரி தெரியுமாம். 'கிட்டப் போனா எப்படி இருக்கும் டீச்சர்'னு கல்யாணம் ஆனதுலருந்து கேட்டுக்கிட்டிருக்காரு. இப்ப கண்ணு போய்க்கிட்டிருக்கு. வேலையும் அதுலதான் போச்சு. இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க மகன்கூட அப்பாவை எதுக்கு அலைக்கழிக்கணும்கிறான். ஆனா அதுக்குள்ள ஒரே ஒரு தடவை காட்டிடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சரி. தடங்கல் என்ன?"

"சீட்டு எடுத்துட்டு வருவேன். மறுநாளே படகு ஆபீஸ்லருந்து போன் வரும். 'நீங்க சொன்னபடி ரத்து பண்ணியாச்சு'ம்பாங்க. மூணு தடவை!"

"நாலாவது?"

"நாலாவதை யாரும் தொடல. ஆனா என் நேரம், கிளம்புற அன்னைக்குக் காலையில அவருக்குத் தலை சுத்தல். கட்டில்லருந்து எந்திரிக்க முடியல. படகு போயிடுச்சு."

இன்சூரன்ஸ்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்த நாலாவதை மட்டும் ஏம்மா விட்டுவைக்கணும்?"

"அன்னைக்கு அவளுக்குப் புத்தி வந்திருக்கும்," என்றார் டீச்சர்.

படகு ஆபீஸில் கவுண்டர் பெண் நடந்ததைச் சொன்னாள். மூன்று தடவையும் பேச்சு டீச்சர் வீட்டுத் தொலைபேசியிலிருந்துதான் வந்திருக்கிறது. குரல் ஆணா பெண்ணா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வாயில துணியைப் பொத்திக்கிட்டுப் பேசின மாதிரி இருந்துச்சு சார்."

"என்ன கேட்டீங்க அவங்ககிட்ட?"

"பேரும், போற தேதியும். தேதி தெரியலன்னா ரத்து பண்ண முடியாது. எந்தப் படகுல போய்த் தேடுறது?"

"நாத்தனார்தான் சார்," என்று வெளியே வந்ததும் தீர்ப்பு எழுதினான் ஜெராக்ஸ். "வாயில துணி! அண்ணி மேல இருக்கிற பொறாமையை வேற எப்படி அடைக்கிறது?"

"அவசரப்படாதே. நீ இன்னும் அந்தம்மாவைப் பாக்கவே இல்ல."

"பாத்தா இன்னும் உறுதியாயிடும் சார்."

வீட்டில் டீச்சர் கதவைத் திறந்தார். "ஏங்க, படகு ஆபீஸ்லருந்து வந்திருக்காங்க!" என்று பேசிவைத்தபடி உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டு, அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று ஓடினார். கூடத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலி. டிரைவர் அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இன்னமும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் போல. இன்சூரன்ஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றார். பின்னாலேயே சாவிக்கொத்தும் ஜெராக்ஸும்.

"வாங்க தம்பி," என்றார் டிரைவர், ஜெராக்ஸ் நின்ற பக்கமாக. "உக்காருங்க. டீச்சர், தம்பிக்கு ஒரு டீ!"

கண்ணெதிரே நிற்கும் பெரிய மனிதரைக் கண்டுகொள்ளாமல் தனக்கு மட்டும் உபசாரமா என்று ஜெராக்ஸுக்குக் காதெல்லாம் சிவந்தது. இன்சூரன்ஸ்காரர் பேசாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு காலண்டர். போன மாதத்துத் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிய வட்டம், பக்கத்தில் 'தீவு' என்று எழுதி ஒரு படகுப் படம். வாத்து என்றாலும் நம்பலாம். விமானத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிற அளவு.

ஜெராக்ஸ் ஒரு முக்காலியை இழுத்தான். அடுத்த நொடி உள்ளறையிலிருந்து நாத்தனார் பாய்ந்து வந்தார்.

"அய்யய்யோ, அதை நகத்தாதீங்க! எங்க அண்ணன் போட்ட சட்டம். இந்த வீட்டுல ஒரு தம்ளர் இடம் மாறினாலும் குத்தம். எங்க அண்ணி கூட்டுறேன்னு அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டாங்க. ஒரு நாளும் சத்தம் போடாத மனுஷன், அன்னைக்குக் கத்தின கத்துல பல்லி விழுந்துச்சு. நான் அண்ணன் பக்கம் பேசினேன். அதுலருந்து மகாராணி என்கிட்ட பேசறதில்ல."

"பேச என்ன இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "போனைப் போட்டுக் குடுக்கிறவங்ககிட்ட!"

இன்சூரன்ஸ்காரர் டீச்சரைக் காலண்டர் அருகே அழைத்தார். "இது நாலாவது தேதியா?"

"ஆமா சார். அப்ப எனக்குத் தொண்டை கட்டி, வாயே திறக்கக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவு." அந்த வாரம் தங்கள் காதுதான் போய்விட்டதோ என்று பயந்து அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் மருத்துவமனைக்குப் போனதாகக் கேள்வி. "அதான் எழுதி வச்சேன். அவரைத் தோள்ல தட்டி, இதைக் கையால காட்டினேன். என்னைப் பாத்து எவ்வளவு அழகாச் சிரிச்சாரு தெரியுமா?"

இன்சூரன்ஸ்காரர் காலண்டரை விட்டுத் திரும்பினார். பிறகு, "மகன் எப்பம்மா வருவான்?" என்று கேட்டார்.

"மெக்கானிக் கடை சாத்தினதும் வந்துடுவான்."

"வரட்டும். அதுவரைக்கும் சாரோட கொஞ்சம் தனியாப் பேசணும். ஜெராக்ஸ், நீ வெளியே இரு."

ஜெராக்ஸ் கதவில் காதை ஒட்டிப் பார்த்தான். கதவோ பழைய காலத்துக் கட்டை, ஒரு முணுமுணுப்பையும் விடவில்லை. கதவு திறந்தபோது டிரைவர் அதே நாற்காலியில், தலை மட்டும் தாழ்ந்திருந்தது. "நீங்களே ஆரம்பிங்க சார். எனக்கு நாக்கு வரமாட்டேங்குது," என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மகன் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"ரத்து பண்ணினவர் யாருன்னு கண்டுபிடிக்க ரத்தான மூணு சீட்டும் உதவாது," என்று தொடங்கினார் இன்சூரன்ஸ்காரர். "நாலாவதுதான் உதவும். தம்பி, அப்பாவைப் படகுல கூட்டிட்டுப் போறதுல உங்களுக்கு விருப்பம் இல்லன்னு கேள்விப்பட்டேன்."

"கண்ணு சரியில்லாதவரை அலைக்கழிக்க வேணாம்னு சொன்னேன் சார். அதுக்காக ரத்து பண்ணுவேனா? நாலாவது தேதியைக் காலண்டர்ல பாத்துட்டு, ரெண்டு பேரையும் துறையில விடறதுக்குக் கடைக்கே லீவு சொல்லியிருந்தேன்."

"அப்ப உங்களுக்குத் தேதி தெரியும். நீங்கம்மா?"

நாத்தனார் முந்தானையைச் சரிசெய்தார். "தெரியாம என்ன? அவ்வளவு பெரிசா எழுதியிருந்தா? ரெண்டு பேரும் ஊர்ல இல்லாத அன்னைக்கு நிம்மதியா இருக்கலாம்னு என் சிநேகிதிங்களைக்கூட வரச் சொல்லியிருந்தேன்."

"ஓஹோ!" என்றார் டீச்சர்.

"ஆமா ஓஹோதான்!"

"கொஞ்சம் இருங்க," என்றார் இன்சூரன்ஸ்காரர். "முதல் மூணு தேதியையும் டீச்சர் வாயால சொன்னாங்க. அவங்க சொன்னா இந்த வீட்டுல கேக்காதவங்க கிடையாது. மூணும் ரத்தாச்சு. நாலாவதை வாயால சொல்லல. எழுதினாங்க, கையால காட்டினாங்க. அது ரத்தாகல. தேதி தெரியாம ரத்து பண்ண முடியாது. தம்பிக்குத் தேதி தெரியும், அத்தைக்குத் தெரியும். இந்த ரெண்டு பேர்ல யாராவது எதிரின்னா நாலாவதும் போயிருக்கணும். ஆக, போன் பண்ணினவருக்கு அந்தத் தேதி தெரியல. கிளம்புற அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கு. போன் பண்ண நேரமில்ல. அதனால வேற வழி தேடியிருக்காரு."

"காலண்டர் கூடத்துல தொங்குது சார்," என்றார் டீச்சர் எரிச்சலோடு. "யாருக்குத் தெரியாம இருக்கும்? இவர் நாற்காலிக்கு நேர் எதிர்லதானே..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

டீச்சர் காலண்டரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஜெராக்ஸுக்கும் அப்போதுதான் புரிந்தது, தனக்குக் கிடைத்த அந்த வரவேற்பு முழுவதும் இடுப்புச் சாவிக்குக் கிடைத்தது என்று. கொத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் எழுந்து சத்தமில்லாமல் கணவர் முன்னால் போய் நின்று, அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். அவர் கண்கள் சற்று முன்பு டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தன.

"ஏங்க."

குரல் பக்கத்தில் கேட்டதும் டிரைவர் தலையை நிமிர்த்தினார். "நான்தான் டீச்சர். துண்டைப் பொத்திக்கிட்டு நான்தான் பேசினேன். தங்கச்சி மேல பழி வரும்னு நெனைக்கல."

"எப்போலருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலருந்து சுத்தமா இல்ல. டாக்டர் கணக்கு தப்பிடுச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"படகுல நிப்போம். நீ 'அதோ, அதோ'ன்னு கை நீட்டுவ. நான் எந்தப் பக்கம் திரும்புறது டீச்சர்? தப்பான பக்கம் திரும்பினா அந்த இடத்துலயே உனக்குத் தெரிஞ்சு போயிடும். நடுக்கடல்ல வச்சு உன்னை அழவைக்கணுமா?"

"அப்ப முதல் தடவையே வேணாம்னு சொல்லியிருக்கலாமே. நாலு தடவை போய் வரிசையில நின்னேனே!"

"சொல்லியிருக்கணும். ஆனா ஒவ்வொரு தடவையும் சீட்டோட வந்து, எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்லுவ பாரு, அப்ப உன் குரல் சின்னப் பொண்ணு குரல் மாதிரி ஆயிடும். அதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது? இன்னொரு தடவை கேக்கலாம்னு இருந்துட்டேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். மகன் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். "அம்மா," என்றான், "பரவாயில்லம்மா, இன்னொரு தேதி பாத்து நாம எல்லாருமாப் போவோம்."

"எதுக்குடா? காட்டணும்னுதானே சீட்டு எடுத்தேன்."

மைதானத்தையே அதிரவைக்கும் அந்தக் குரலில் இப்போது காற்று மட்டுமே இருந்தது. டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"கடைசியா என்னை எப்ப பாத்தீங்க?"

"முதல் சீட்டு எடுத்துட்டு வந்த அன்னைக்கு. அப்பவே ரொம்ப மங்கிடுச்சு. சீட்டை என் கையில குடுத்துப் படிங்கன்ன. எழுத்து தெரியல. எழுத்தே தெரியலன்னா தீவு எங்க தெரியப்போகுதுன்னு அன்னைக்கே போன் பண்ணிட்டேன். ஆனா உன் முகம் தெரிஞ்சுது. கிட்ட நின்னியா, நல்லாவே தெரிஞ்சுது."

"எப்படி இருந்தேன்?"

"ஓடி வந்திருப்ப போல. மூச்சு வாங்கிச்சு. கொண்டை அவுந்து ஒரு பக்கமாத் தொங்கிச்சு. மூக்கு நுனியில வேர்வை. அத்தனை பல்லும் தெரியச் சிரிச்ச."

"பாக்க நல்லா இருந்தேனா?"

"அப்படி ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல."

டீச்சர் அவர் முழங்காலில் ஓர் அடி வைத்துச் சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே குரல் உடைந்தது. இன்சூரன்ஸ்காரர் ஜெராக்ஸின் தோளைத் தொட்டு வாசல்பக்கம் ஜாடை காட்டினார்.

அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"வாசல்ல வந்து நின்ன," என்று மறுபடி ஆரம்பித்தார் டிரைவர். "மூச்சு வாங்கிச்சு..."