உள்ளே இருப்பவர்: லிபி

யாருக்கும் இன்னும் கடவுச்சொல் கொடுக்காத பக்கத்துக்குள் யாரோ இருந்தார்கள்.

லிபி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழக்கூட்டம் என்ற ஊரில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நின்ற அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்து வீட்டில், சாப்பாட்டு மேசையின் மேல் மடிக்கணினியை விரித்து வைத்துத் தங்கள் தேவாலயச் சபைக்கான இணையதளத்தைச் செய்துகொண்டிருந்தாள். கர்க்கடக மாதத்து மழை மதியத்திலிருந்தே விடாமல் பெய்ததில், சாயங்காலம் முடிவதற்கு முன்பே வீட்டுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. கீழே பேருந்துகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசை, அடுக்களையில் தோசைக்கு ஊறிக்கொண்டிருக்கும் உளுந்தின் வாசம், திறந்து கிடந்த படுக்கையறையிலிருந்து தூங்கும் குழந்தை ஆன்சியின் மெல்லிய குறட்டை, இவை தவிர வேறொன்றும் இல்லை. கணவன் சிபி டெக்னோபார்க் அலுவலகத்திலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது.

சபை உறுப்பினர்களுக்கு மட்டுமான பகுதி அது. ஒவ்வொரு குடும்பமும் தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், அங்கிருக்கும் படிவத்தில் பெயர், பிறந்த நாள், குடும்பப் படம் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். சபையில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேட்கச் சொல்லியிருந்தார் சபைச் செயலாளர் நேசையன். சோதித்துப் பார்ப்பதற்காக லிபி தன் குடும்பத்தையே முதலில் சேர்த்தாள். கணவன் சிபி, மனைவி லிபி, மகள் ஆன்சி. மற்ற கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, நிர்வாகிக் கணக்கில் திரும்பி வந்து பார்த்தபோதுதான், யாராவது உள்ளே இருந்தால் எரியும் அந்தப் பச்சைப் புள்ளி பக்கத்தின் ஓரத்தில் எரிந்தது.

உள்ளே இருப்பவர்: லிபி.

போனில் திறந்து வைத்திருப்போம் என்று நினைத்தாள். போனில் எதுவும் திறந்திருக்கவில்லை. அந்தக் கணக்கை வெளியேற்றினாள். புள்ளி அணைந்தது. ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் எரிந்தது. கடவுச்சொல்லை மாற்றினாள். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, தனக்கே நினைவில் நிற்காத ஒன்றைப் போட்டாள். புள்ளி அணையவே இல்லை. உள்ளே இருப்பவர் அவசரமில்லாமல் உள்ளேயே இருந்தார்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படிப்பட்ட தளங்களுக்குள் நுழைந்து பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. குடும்பப் படிவத்தைத் திறந்தாள்.

காலியாக விட்ட கட்டங்கள் நிரம்பியிருந்தன.

பிறந்த நாள் சரியாக இருந்தது. இரத்த வகையும் சரி. அவற்றை எங்கிருந்தாவது எடுத்திருக்கலாம். ஆனால் வீட்டில் கூப்பிடும் பெயர் என்ற கட்டத்தில், 'பொன்னு' என்று இருந்தது.

லிபி அந்தச் சொல்லை இன்னொரு தடவை வாசித்தாள். பாறசாலையில் அவள் பிறந்த வீட்டில் அப்பா மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவார். அதுவும் அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடக்கும்போது, காதோடு காதாக. அவர் இறந்த பிறகு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சிபிக்குக்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

மழைச் சத்தத்துக்கு நடுவே மடிக்கணினி மெல்ல முனகியது. படம் சேர்க்கும் கட்டத்தில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு ஒரு படம் மேலிருந்து கீழாகத் திறந்தது. ஆன்சியின் முதல் பிறந்த நாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம். அதே நீலத் திரை. அதே சட்டையில் சிபி. மடியில் ஆன்சி. நடுவில் அவளும் இருந்தாள். ஆனால் தலைமுடி நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. புடவையிலிருந்து நீர் சொட்டி, ஸ்டுடியோத் தரையில் தேங்கியிருந்தது. மற்ற இருவரும் காமிராவைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அவள் படத்துக்கு வெளியே, மேசையில் உட்கார்ந்திருந்த லிபியைப் பார்த்தாள்.

நேசையனைக் கூப்பிட்டுத் தளத்தையே நிறுத்திவிடலாம் என்று எழுந்தாள். மழை பெய்தால் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். ஆன்சி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாரலும் சத்தமும் குழந்தையை எழுப்பிவிடும் என்று, பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போன் செய்தாள்.

“அங்கிள், நான் லிபியாக்கும். சைட்டுக்க பாஸ்வேர்ட் ஆருக்காவது குடுத்தீங்களா?”

“எனக்க கையில தந்தாத்தானே மக்களே குடுக்க முடியும்? அதுக்கு என்னத்துக்கு மறுபடியும் விளிக்குற?”

“மறுபடியுமா?”

“இப்பம் விளிச்சுட்டுத்தானே வச்ச. வேலை எல்லாம் முடிஞ்சுதுன்ன. ஒரு பேரு ரெண்டு தடவ கிடந்துது, ஒண்ண எடுத்துக் களஞ்சாச்சுன்னும் சொன்னியே.”

சாரல் அவள் முகத்தில் அடித்தது. “எந்தப் பேரு அங்கிள்?”

“உனக்க பேருதான். லிபி.” பிறகு அவர் குரல் மாறியது. “அல்ல, இது ஆரு பேசுது?”

“அங்கிள், நான்தான்…”

“லிபிக்க குரலு எனக்குத் தெரியும். இது ஆருன்னு கேட்டேன்.”

தொடர்பு அறுந்தது.

அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம். சின்னச் சத்தம். கண்ணாடிக் கதவின் கொண்டி உள்பக்கமாக விழுந்தது.

இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். போனைத் திறக்கப் பார்த்தாள். தவறான கடவுச்சொல். விரலை வைத்தாள். ஏற்கவில்லை. ஆன்சியின் பிறந்த நாள்தான் அந்த எண். மீண்டும் போட்டாள். தவறு. மீண்டும். தவறு.

உள்ளே குளியலறை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது. அவளுடைய நைட்டி. அவளுடைய துண்டு. துண்டால் தலையைத் துவட்டியபடி ஒருத்தி வந்தாள். நடை அவளுடையதே. இடது காலைச் சற்றே இழுத்து வைப்பதும்கூட. நேராக மேசைக்குப் போனாள். மடிக்கணினியை மூடினாள். பிறகு படுக்கையறைக்குள் போனாள்.

லிபி கத்தினாள். கண்ணாடியைக் கையால் அடித்தாள். போனால் அடித்தாள். முழங்கையால் அடித்தாள். போனின் திரைதான் உடைந்தது. கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மழை. பேருந்துகள். மழை.

உள்ளே இருந்தவள் ஆன்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆன்சி கண்ணைக் கசக்கினாள். அழவில்லை. ஈரத் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்து சிபி வந்தான். குடையை உதறினான். உள்ளே இருந்தவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் வந்தான்.

“சிபி! சிபி, கதவத் திற! அது நானில்ல!”

கண்ணாடிக்கு அப்பால், ஒரு கை தூரத்தில் நின்றான். அவன் சட்டையில் மழைப்புள்ளிகள் தெரிந்தன. லிபியின் உள்ளங்கைகள் அவன் முகத்துக்கு நேராக இருந்தன. அவன் கண்கள் அவளைக் கடந்து போயின. வானத்தைப் பார்த்தான். மழை விடவில்லை என்று உதடு அசைந்தது. திரைச்சீலையைப் பிடித்து இழுத்தான்.

திரை முழுவதும் மூடவில்லை. ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி.

அந்த இடைவெளியில் ஆன்சியோடு உள்ளே இருந்தவள் வந்து நின்றாள். லிபியைப் பார்த்தாள். ஆன்சியின் சின்னக் கையைப் பிடித்து உயர்த்தி, மெதுவாக ஆட்டினாள்.

டாட்டா.

ஆன்சி சிரித்தாள். பிறகு, யாரும் பிடிக்காமல், தானாகவே கையை ஆட்டினாள்.